குடத்திற்கு அப்பால்: உத்தரமேரூர் வாரியங்களின் பணி

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதுகலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு உத்தரமேரூர் சென்றிருந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவு. நகரப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். கடைவீதியை ஒட்டி, இரும்பு வேலிக்குள் அமைதியாக இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோயிலின் கற்சுவரில், பள்ளிப் பாடநூல்கள் தொடங்கிப் பாராளுமன்ற உரைகள் வரை எடுத்தாளப்படும் அந்த இரு கல்வெட்டுகளும் உள்ளன.

மாணவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்தனர். கிரந்தம் கலந்த சோழர் காலத் தமிழெழுத்து முதலில் தடுமாறச் செய்தாலும், 'குடும்பு', 'குடவோலை', 'வாரியம்' ஆகிய சொற்கள் பிடிபட்டவுடன் அவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை இன்றும் மறக்கவியலவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தேர்தல் நடத்திய ஊரில் நிற்கிறோம் என்னும் பெருமிதம் அது.

அப்போது மதுராந்தகம் பக்கத்து வேளாண் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதன்பின் ஓராண்டு முழுவதும் என்ன செய்தார்கள்?" அவருக்குப் பின்னால் நின்ற மாணவி சற்றுத் தயங்கி இன்னொன்று கேட்டார்: "எங்கள் தெரு ஆட்களின் பெயர் அந்தக் குடத்தில் இருந்திருக்குமா ஐயா?"

முதல் வினாவிற்கு அன்று அரைகுறையாக விடை சொன்னோம். இரண்டாவதற்கு 'இருந்திராது' என்று ஒரே சொல்லில் கூறிவிட்டுப் பேச்சை மாற்றினோம். அவ்வாறு மாற்றியது சரியன்று என்பது திரும்பும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்விரு வினாக்களுக்கும் உரிய விடையை இயன்றவரை நிறைவாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலை என்னும் சொல்லின் பழமை

குடவோலை பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் சங்கப் பாடல், அகநானூற்றின் 77ஆம் பாடல். பாடியவர் மருதன் இளநாகனார். பாலை நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் வீரர்களின் குடரைப் பருந்தினம் கவரும் கொடிய காட்சிக்கு, கயிற்றால் கட்டி இலச்சினையிட்ட குடத்தைத் திறந்து உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்களை அவர் உவமையாக்குகிறார்.

இப்பாடலைக் கொண்டு சங்க காலத்திலேயே தேர்தல் இருந்தது என்று முடிவு கட்டுவாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை என்று கருதுகிறோம். ஓலைகளைக் குடத்தில் இட்டு, கயிறு கட்டி, பொறியிட்டுக் காப்பதும், அந்தப் பொறி சிதையாதிருப்பதைப் பார்த்த பின்னரே திறப்பதும் மக்கள் அறிந்த வழக்கமாக இருந்தன என்பதை மட்டுமே பாடல் உறுதியாகச் சொல்கிறது. அதுவே சிறு செய்தியன்று. ஆவணத்தை ஒருவரும் தனியே திறந்துவிடக் கூடாது என்னும் கவலை தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. பல நூற்றாண்டுகள் கழித்து உத்தரமேரூர்ப் பெருமக்கள் குடத்தை நாடியபோது, நம்பகத்தின் அடையாளமாக முன்பே நிலைபெற்றிருந்த ஒரு பொருளையே நாடினர்.

இரு சாசனங்கள்

உத்தரமேரூர், பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், கி.பி. எட்டாம் நூற்றாண்டில் உருவாக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம், அஃதாவது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். தொண்டை நாட்டுக் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பல்லவர், சோழர், இடையில் சில காலம் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன், மீண்டும் சோழர் என அரசர்கள் மாறினர். ஊர்ச்சபை மட்டும் மாறாது இயங்கியது. அவ்வூர்க் கோயில்களில் பொறிக்கப்பெற்ற பல கல்வெட்டுகள் அதற்குச் சான்று.

அவற்றுள் இரண்டு, 1898இல் படியெடுக்கப்பெற்று, வெங்கையாவின் ஆய்வு வழியாகத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக வெளிவந்தன. பின்னர் நீலகண்ட சாத்திரியாரும், 1970இல் பிரான்சுவா குரோவும் நாகசாமியும் இணைந்தெழுதிய நூலும் இவ்வூரின் வரலாற்றை மேலும் துலக்கின. அவ்விரு சாசனங்களும் 'மதிரை கொண்ட' முதற் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தவை. முதலாவது அவனது 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. இரு முறையும் அரசாணையுடன் அரச அலுவலர் ஒருவர் சபையில் உடனிருந்தார். விதிகளை வகுத்தது சபையே.

இங்கே வாசகர்கள் ஒன்றை நோக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே சபை, இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே பொருள் குறித்து இரண்டு முறை விதி செய்கிறது. முதல் விதி போதுமானதாக இருந்திருந்தால் இரண்டாவதற்குத் தேவை எழுந்திராது. எது போதாமல் போயிற்று என்பதை வேறுபாடுகளே காட்டிக்கொடுக்கின்றன.

919ஆம் ஆண்டு விதிப்படி வாரியத்திற்கு உரியோர் முப்பது முதல் அறுபது அகவைக்கு உட்பட்டோர். 921இல் அது முப்பத்தைந்து முதல் எழுபது என மாறுகிறது. முதல் விதியில், வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு நெருங்கிய உறவினர் ஆகாதென்று பொதுப்படச் சொல்லப்படுகிறது. இரண்டாம் விதியோ, எந்த வாரியம் செய்திருந்தாலும் கணக்குக் காட்டாதிருந்தவரை விலக்குவதோடு நில்லாமல், அவருடைய உறவினரை ஒவ்வொருவராகப் பெயரிட்டு விலக்குகிறது. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. 'நெருங்கிய உறவினர்' என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்று எவரோ வழக்காடியிருக்க வேண்டும். வழக்கறிந்த ஊரார் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள்.

தகுதிகளும் குறைவல்ல. கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் வேண்டும். வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் ஆதலின், இது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். மந்திரமும் பிராமணமும் ஓதுவிக்க அறிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவராயின் அரைக்கால் நிலமே போதும். காரியத்தில் வல்லவராகவும், நேர்மையாகப் பொருளீட்டியவராகவும், மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்யாதவராகவும் இருத்தல் வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தோர்க்கும், பொய்க் கையெழுத்திட்டோர்க்கும், கழுதை மேலேற்றி அவமானப்படுத்தப்பட்டோர்க்கும் இடமில்லை.

குடவோலை பறிக்கும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. ஊரின் முப்பது குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளைஞரும் முதியோரும் அடங்கிய பெருங்குறி மகாசபை கூடியிருக்க, கோயில் நம்பிமார் சூழ்ந்திருக்க, அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பின்னர் நம்பிமார் எல்லோரும் வாசிப்பர். கைக்குள் மறைத்துவைத்த ஓலையை மாற்றிவிடுவான் என்ற ஐயத்தினாலன்றி விரல்களை அகல விரிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதனை இக்காலப் பொருளில் 'தேர்தல்' என்று சொல்வது முழுமையாகப் பொருந்தாது. குடிமக்கள் ஒருவரை விரும்பி வாக்களிக்கவில்லை. தகுதி வரையறுக்கப்பட்டோருள் திருவுளச் சீட்டு ஒருவரைக் காட்டிற்று. பண்டைய ஏதென்சு நகரமும் பெரும்பாலான பதவிகளைச் சீட்டுக் குலுக்கியே நிரப்பியது. அங்கும் பதவிக்காலம் ஓராண்டு. அங்கும் பதவி முடிவில் கணக்குக் காட்ட வேண்டும். செல்வாக்கும் கூட்டுச்சேர்தலும் முடிவைத் தீர்மானிக்காமல் தடுப்பதற்குச் சீட்டு ஒரு வழி என்பதை, ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் தத்தம் வழியில் கண்டுகொண்டன.

வாரியங்களின் பணி

இனி முதல் வினாவிற்கு வருவோம். தேர்ந்த முப்பதின்மரும் என்ன செய்தனர்?

முப்பதின்மருள், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியாலும் அகவையாலும் மூத்தவர்களையும் கொண்டு பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆவர். இதனை ஆட்டை வாரியம் என்று தமிழில் வழங்குவோம். ஆண்டு முழுவதற்குமான பொதுக் காரியங்களை மேற்பார்க்கும் குழு இது. எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். வேறொரு முறை குடவோலை பறித்து, பன்னிரண்டு சேரிக்கும் சேரிக்கு ஒருவராகப் பன்னிருவரைத் தேர்ந்து, அறுவரைப் பஞ்சவார வாரியமாகவும் அறுவரைப் பொன் வாரியமாகவும் வைப்பர். பஞ்சவாரம் என்பது யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; விளைச்சலிலிருந்து பெறும் ஒருவகைப் பங்கு என்று கொள்வோர் பலர். பதவிக் காலம் முந்நூற்று அறுபது நாள். இடையில் ஒருவர் குற்றம் செய்தது தெரியவந்தால் அப்பொழுதே நீக்கப்படுவார். இவ்விரு சாசனங்களிலும் வாரியப் பெருமக்களுக்கு ஊதியம் எதுவும் குறிக்கப்படவில்லை.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டை வாரியத்தில் அமர விரும்புபவர் முதலில் தோட்டத்தையும் ஏரியையும் கவனித்திருக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தவரே ஊரின் பொதுக் காரியத்திற்கு உரியவர் என்பது அதன் உட்பொருள்.

உத்தரமேரூரின் உயிர் அதன் ஏரி. வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் அதனை அழைக்கின்றன. பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே இப்பெயர் காணப்படுகிறது. ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடத்தக்க பொருளன்று என்பதை ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள். ஆண்டுதோறும் மழை நீரோடு வண்டலும் வந்து படியும். படியும் வண்டல் அளவிற்குக் கொள்ளளவு குறையும். அந்த மண்ணை வெட்டியெடுத்துக் கரையில் இட்டால் ஏரி ஆழப்படும், கரையும் உயரும். விட்டுவிட்டால் ஏரி மேடாகும். ஒரு பெருமழையில் கரை உடையும்.

ஆகவேதான் தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் ஏரிக்கென நிலமும் பொன்னும் வைத்த அறக்கட்டளைகளை மீண்டும் மீண்டும் காண்கிறோம். உத்தரமேரூரிலும் வயிரமேகத் தடாகத்தில் குழி தோண்டி மண்ணெடுத்துக் கரையில் இடுவதற்கென்று கொடைகள் அளிக்கப்பட்டன. கொடுப்பவர் ஒருமுறை கொடுத்துவிடுவார். அந்த முதல் அழியாமல் அதன் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் மண்ணெடுப்பிக்கும் பொறுப்பு சபையையும் அதன் வாரியத்தையும் சார்ந்தது. கொடையாளியின் பெயர் கல்லில் நின்றது. கோடை வெயிலில் கரைமேல் நின்று கூடை எண்ணியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஏரி வாரிய அறுவரின் ஓராண்டுக் காலத்தில் பெரும் பகுதி இப்படித்தான் கழிந்திருக்கும்.

பொன் வாரியத்தின் பணியும் அத்தகையதே. வரியும் தண்டமும் அறக்கொடையும் பொன்னாக வந்த காலம் அது. பொன்னின் மாற்றுக் குறைந்தால் ஊருக்கு இழப்பு. மாற்றுப் பார்ப்பவர் கை நீண்டாலும் இழப்பு. பராந்தகன் காலத்துப் பிறிதோர் உத்தரமேரூர்க் கல்வெட்டு, பொன் மாற்றுக் காண வல்லவரை மாடவீதியார், சேனையார், எண்ணெய் வணிகராகிய சங்கரப்பாடியார் ஆகியோரிடையிலிருந்து தேர்ந்தமைக்கும் ஏற்பாட்டைத் தெரிவிக்கிறது. உரைகல்லிலிருந்து பொன் துகளை ஒற்றியெடுக்கும் மெழுகை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். மெழுகில் ஒட்டிய துகளும் ஊர்ப் பொருளே. அதுவும் ஏரியைக் காப்போர் கைக்கே சென்று சேர வேண்டும். நாம் இக்கல்வெட்டுச் செய்தியை ஒவ்வோராண்டும் வகுப்பில் சொல்கிறோம். பொதுப்பொருள் என்பதை இதனினும் நுண்மையாக விளக்கும் சான்றொன்று எம் நினைவுக்கு வரவில்லை.

இவ்வாறு ஊர் நடத்தும் முறை உத்தரமேரூருக்கு மட்டும் உரியதன்று. நெல்லைச் சீமையின் மானூரில், கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு, அவ்வூர்ச் சபை உறுப்பினர்க்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. அதிலுள்ள விதியொன்று சுவையானது. சபையில் எடுத்த பொருளுக்கெல்லாம் 'அன்று' என்றே சொல்லிக் குத்துக்கால் போடுவோர்க்கும், அவர்களுக்குத் துணை நிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம். மன்றத்தை நடக்கவிடாமல் செய்வோரின் மரபும் நம் நாட்டில் பழமையானதே என்பதை இதனால் அறிகிறோம்.

கணக்கு

921ஆம் ஆண்டுச் சாசனத்தில் குடவோலைக்குத் தரப்பட்ட அதே கவனம் கணக்கிற்கும் தரப்பட்டுள்ளது. ஆனால் இப்பகுதியை எடுத்துரைப்போர் குறைவு.

ஊர்க் கணக்கை நேர்மையாகப் பொருளீட்டிய ஒருவனே எழுத வேண்டும். எழுதியவன், தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கள் முன் காட்டி, அது தூயதென்று தீர்ந்த பின்னரே மீண்டும் கணக்கெழுதப் புகலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்துவைக்க இயலாது. மூவிதிகளும் சேர்ந்து ஒரே கதவைத்தான் அடைக்கின்றன. 'அது எனக்கு முன்னிருந்தவர் எழுதியது' என்று சொல்லித் தப்பிக்கும் கதவு அது.

முன்னர்க் கண்ட உறவினர் பட்டியலை இப்போது மீண்டும் நினைவுகூர வேண்டும். கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் மாமனும் மருமகனும் தகுதி இழந்தனர். இன்றைய நீதி உணர்வுக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஒருவர் பிழைக்கு மற்றொருவர் ஏன் ஒறுக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்போம். எனினும், சிறிய ஊரில் உறவே செல்வாக்கு. கணக்குக் காட்டாதவனை எதிர்த்து மகாசபையில் எழுந்து நிற்கப் பிறர் தயங்கலாம். அவனால் தம் வாய்ப்பும் போகும் என்றால், வீட்டுக்குள்ளேயே மைத்துனன் கேட்பான்: 'கணக்கை முடித்துவிட்டீரா?' உறவின் வலிமையையே உறவின் தீங்குக்கு எதிராகத் திருப்பிய ஏற்பாடு என்று இதனைக் கொள்ளலாம்.

தீயோர் கெட்டு நல்லோர் செழிக்க வேண்டும் என்னும் நோக்கத்தைச் சொல்லியே அச்சாசனம் இவ்வேற்பாட்டை நியாயப்படுத்துகிறது. இதை வகுத்தோர் தம் ஊரில் தீயோர் இல்லை என்று பாசாங்கு செய்யவில்லை. தம்மவரை ஐயுற்றே விதி செய்தனர். அவர்களிடம் நாம் பெரிதும் மதிப்பது அந்த நேர்மையைத்தான்.

குடத்தில் இல்லாத பெயர்கள்

இனி அந்த மாணவியின் வினா.

சபை என்பது பிரமதேய ஊரின் அந்தண நிலவுடைமையாளர் அவை. வேதம் ஓதுவிக்க அறிந்திருக்க வேண்டும் என்ற விதியே ஊரின் பெரும்பாலோரைக் குடத்திற்கு வெளியே நிறுத்திவிட்டது. நிலத்தை உழுத குடியானவர், ஏரி மண்ணைச் சுமந்தவர், எண்ணெய் ஆட்டியவர், சுவரில் அந்த எழுத்துகளை வெட்டிய கல்தச்சர் இவர்கள் எவருக்கும் ஓலை இல்லை. பெண்களுக்கும் அவ்விதிகளில் இடமில்லை. பொன் மாற்றுக் காண்பதுபோன்ற தொழில்நுட்பப் பணிகளில் பிறர் இடம்பெற்றனர். ஊரின் முடிவெடுக்கும் குழுவில் அன்று.

வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் ஊர்களில் 'நகரம்' என்னும் அவையும் இருந்தன என்பது உண்மை. ஆகவே தன்னாட்சி அந்தணர்க்கு மட்டுமே இருந்ததென்று சொல்வது பிழை. ஆனால் அவற்றிலும் நிலமோ வணிகமோ உடையவர்க்கே குரல். உடைமையற்ற கூலியாட்களும் அடிமைகளும் எந்த அவையிலும் அமரவில்லை. ஏதென்சைப் போற்றுவோர் அங்கும் பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றதை மறைக்க இயலாததுபோல், உத்தரமேரூரைப் போற்றும் நாமும் இதனை மறைக்க இயலாது.

அரசியலமைப்பு அவையில் 1948ஆம் ஆண்டு நவம்பரில் கிராமப் பஞ்சாயத்துகள் குறித்து விவாதம் நிகழ்ந்தபோது, டி. பிரகாசம் இவ்வூர்க் கல்வெட்டையும் குடத்தையும் ஓலையையும் எடுத்துக்காட்டினார். அதே மாதத்தில், கிராமங்கள் குறுகிய மனமும் சாதி வேற்றுமையும் நிறைந்தவை என்று அம்பேத்கர் அவ்வவையிலேயே கடுமையாகப் பேசினார். ஒருவர் குடத்தைப் பார்த்தார். மற்றவர் குடத்திற்கு வெளியே நின்றோரைப் பார்த்தார். இருவர் பார்த்ததும் உண்மையே. பின்வந்த சட்டங்கள் இருவருக்கும் விடை சொல்ல முயன்றன. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக் காலமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு இடஒதுக்கீடும் அளித்தன. 2016இல் தமிழ்நாடு பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது.

ஆகவே அம்மாணவியிடம் அன்றே நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: "உங்கள் தெருவினர் பெயர் அந்தக் குடத்தில் இருந்ததில்லை, அம்மா. அவர்கள் சுமந்த மண் அந்த ஏரிக்கரையில் இருக்கிறது. இன்று அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. நீங்களே வேட்பாளராகவும் நிற்கலாம். அவ்வுரிமை இக்கல்வெட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. வெளியே நிறுத்தப்பட்டோர் போராடிப் பெற்றது அது."

எதனைக் கொள்வது?

2020 திசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உரையிலும் உத்தரமேரூர் இடம்பெற்றது. தமிழகத்தில் எந்தக் கட்சி மேடையிலும் குடவோலைக்குக் கைதட்டல் உண்டு. அதே தமிழகத்தில், 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்த பின்னர், 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் பேரூர்களும் நகரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றித் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. இன்று பேரூராட்சியாக விளங்கும் உத்தரமேரூரும் அதற்கு விலக்கன்று. முந்நூற்று அறுபது நாளுக்கொரு முறை குடத்தைத் தூக்கிய ஊரில், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாக்குப்பெட்டியும் உள்ளாட்சிக்காகத் திறக்கப்படவில்லை.

பழம்பெருமை பேசுவதில் நமக்கு மறுப்பில்லை. தமிழாசிரியர் தொழிலில் அது ஒரு பகுதியும்கூட. ஆனால் பெருமையாக எதைச் சொல்கிறோம் என்பதில் சற்றுக் கவனம் வேண்டும். சாதியாலும் நிலத்தாலும் வேலியிட்ட தகுதி விதிகள் அக்காலத்தோடு ஒழியத்தக்கவை; ஒழிந்தன. சிறுவன் கையால் ஓலை எடுக்கும் முறையும் திரும்பப் போவதில்லை. எஞ்சியுள்ள சில செய்திகள் இன்றைய பேரூராட்சி உறுப்பினர்க்கும் பொருந்துவன. பணி செய்து பழகியவரே மேற்பொறுப்புக்கு வருதல், ஒரே ஆள் தொடர்ந்து அமராதிருத்தல், குற்றம் கண்டவுடன் நீக்குதல், மெழுகில் ஒட்டிய துகளையும் பொதுப்பொருளாக எண்ணுதல், தான் எழுதிய கணக்கைத் தானே ஊர்முன் காட்டுதல். இவற்றுள் எதற்கும் பழைய குடமோ புதிய இயந்திரமோ தேவையில்லை.

அன்று மாலை திரும்புமுன் ஏரிக்கரைக்கும் சென்றோம். நீர் பாதியளவே இருந்தது. முதல் வினாவைக் கேட்ட மாணவர் கரையில் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணெடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, "நல்ல வண்டல், ஐயா. வெட்டி நாளாகியிருக்கும் போல" என்றார். அவ்வூர் ஏரி வாரியத்தார் இருந்திருந்தால் அவரோடு நெடுநேரம் பேசியிருப்பார்கள்.

உத்தரமேரூர் செல்லும் வாசகர்கள் வைகுந்தப் பெருமாள் கோயிலோடு திரும்பிவிடாமல் ஏரியையும் பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தம் ஊர் மன்றத்தின் கடந்த ஆண்டுக் கணக்கை ஒருமுறையேனும் கேட்டுப் பெற்று வாசிக்குமாறும் வேண்டுகிறோம். கல்வெட்டு வாசிப்பதைவிட அது சற்றுக் கடினமாக இருக்கலாம்.